182-வது நாள்

வெளிநாடு போகிறவர் எந்த நாட்டுக்கு வரி கட்ட வேண்டும்? விசாவையும் பாஸ்போர்ட்டையும் விட நாள்காட்டிதான் அதை முதலில் முடிவு செய்கிறது. கிளம்பும் முன் அதைச் சொல்லித்தர ஆளில்லை.

1940-களின் தொடக்கத்தில் கொழும்பில் தொழில் நடத்திக்கொண்டு, மனைவி மக்களோடு அங்கேயே குடியிருந்தார் ஒரு செட்டியார். ஒரு கூட்டுக் குடும்பத்தின் தலைவர். இந்தியாவிலும் அவருக்கு வீடு, நிலம், முதலீடு எல்லாம் இருந்தன. ஒரு கணக்காண்டில் ஏழு முறை இங்கே வந்துபோனார். மொத்தம் 101 நாள். வந்த இடத்தில் நில வழக்குகளைக் கவனித்தார், வரி விவகாரங்களையும் பார்த்துக்கொண்டார். அந்தக் குடும்பம் இலங்கையில் வசிக்கிறதா, இந்தியாவில் வசிக்கிறதா என்று வரித் துறை கிளப்பிய கேள்வி 1950-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. குடும்பத்தின் நிர்வாகம் முழுக்க இந்தியாவுக்கு வெளியே இருந்தது என்று காட்ட வேண்டியது அவர் பொறுப்பு, அதை அவர் காட்டவில்லை என்றது நீதிமன்றம். கொழும்பில் அடுப்பெரிந்த குடும்பம், வரிக் கணக்கில் இந்தியாவில் வசிக்கும் குடும்பமாகவே நின்றது.

கூட்டுக் குடும்பத்துக்கான அளவுகோல் வேறு, தனி மனிதருக்கானது வேறு. ஆனால் அன்று அந்தக் குடும்பம் மாட்டிக்கொண்ட இடத்தில்தான் இன்றும் ஆயிரக்கணக்கானோர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒருவர் தான் எங்கே வாழ்வதாக நினைக்கிறார் என்பது ஒன்று. சட்டம் அவரை எங்கே வாழ்பவராக எண்ணுகிறது என்பது இன்னொன்று.

ரிசர்வ் வங்கியின் ஆய்வுப்படி 2023-24-ல் வெளிநாடுகளிலிருந்து இந்தியாவுக்கு வந்த பணம் 118.7 பில்லியன் டாலர். மகாராஷ்டிரம், கேரளத்துக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாட்டுக்கு வந்த பங்கு 10.4 சதவீதம். பெரும் பணக்காரர்களுக்கு ஆடிட்டரும் வழக்கறிஞரும் உண்டு. ஓட்டுநர், செவிலியர், வெல்டர், கணினிப் பொறியாளர், முதுகலை படிக்கப் போகும் மாணவி ஆகியோருக்கு ஏஜென்ட் தரும் டிக்கெட்டும் வாட்ஸ்அப்பில் வரும் அரைகுறைச் செய்தியும்தான் வழிகாட்டி. 2024 பட்ஜெட்டுக்குப் பிறகு ‘வரி பாக்கி இல்லை என்ற சான்று இருந்தால்தான் இனி விமானம் ஏற முடியும்’ என்ற வதந்தி எவ்வளவு வேகமாகப் பரவியது! எல்லோருக்கும் அது தேவையில்லை, கடுமையான நிதி முறைகேட்டில் சம்பந்தப்பட்டவர்கள், தடையாணை இல்லாத 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட நேரடி வரி பாக்கி உள்ளவர்கள் போன்ற அரிதான சிலருக்குத்தான் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் அந்த ஆகஸ்டில் விளக்கம் தர வேண்டியிருந்தது. தேவையில்லாத பயம் பரவிய அந்த நாட்களில், உண்மையில் பயப்பட வேண்டிய விதிகளைப் பற்றி யாரும் பேசவில்லை.

செப்டம்பர் 28

அடிப்படை விதி எளிது. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையான நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் நீங்கள் ‘வசிப்பவர்’. உலகின் எந்த மூலையில் சம்பாதித்தாலும் அந்த வருமானத்துக்கு இங்கே கணக்குக் காட்ட வேண்டும். இரண்டாவதாக ஒரு கண்ணியும் இருக்கிறது. அந்த ஆண்டில் 60 நாளும், அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் சேர்த்து 365 நாளும் இங்கே இருந்திருந்தாலும் வசிப்பவர்தான். இங்கேயே பிறந்து வளர்ந்து முதன்முறையாக வெளிநாடு போகும் எவரும் அந்த 365 நாளை எளிதில் தாண்டியிருப்பார்கள். ஆகவே ஜூன் மாதம் கிளம்பினாலும் இந்தக் கண்ணியில் சிக்க வேண்டியதுதான்.

அதிலிருந்து காப்பாற்றும் ஒரு விலக்கு உண்டு. வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியக் குடிமகனுக்கு அந்த 60 என்பது 182 ஆக உயர்கிறது. ‘வேலை’ என்றால் சம்பள வேலை மட்டும்தானா? சொந்தத் தொழில் செய்யப் போனாலும் அது பொருந்தும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2011-ல் சொன்னது. படிக்கப் போகும் பிள்ளைக்கும், கணவனுடன் குடித்தனம் நடத்தப் போகும் மனைவிக்கும் சட்டத்தின் எழுத்தில் இந்த விலக்கு இல்லை. ஒரே விமானத்தில் பக்கத்து இருக்கைகளில் உட்கார்ந்து போகும் கணவனும் மனைவியும், அந்த ஒரு நிதியாண்டுக்கு வரிச் சட்டத்தின் கண்ணில் வெவ்வேறு வகையினர். மனைவி அங்கே போய் மூன்றாவது மாதமே வேலையில் சேர்ந்தால்தான் இதன் வலி தெரியும்.

இப்போது நாள் எண்ணிப் பார்ப்போம். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து செப்டம்பர் 28 வரை 181 நாள். கிளம்பும் நாளையும் இந்தியாவில் இருந்த நாளாகவே எண்ணிக்கொள்வது பாதுகாப்பானது. துபாய் வேலைக்குச் செப்டம்பர் 28-ல் குடியேற்றப் பிரிவைத் தாண்டியவர் அந்த ஆண்டு ‘வசிக்காதவர்’. மறுநாள் தாண்டியவர் வசிப்பவர். வளைகுடா விமானங்கள் பலவும் நள்ளிரவை ஒட்டிக் கிளம்புவதால், பாஸ்போர்ட்டில் எந்தத் தேதி முத்திரை விழுகிறது என்பதே ஓர் ஆண்டு வரியைத் தீர்மானித்துவிடலாம்.

மாதம் 2 லட்சம் ரூபாய்ச் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் வரையான ஆறு மாதத்தில் 12 லட்சம். ஒரு நாள் தாமதமாகப் போனவருக்கு இந்த 12 லட்சமும் அவர் இங்கே முதல் ஆறு மாதம் வாங்கிய சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். துபாயில் வருமான வரி இல்லாததால், அங்கே கட்டியதைக் காட்டி இங்கே கழித்துக்கொள்ளவும் வழியில்லை. இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் கைகொடுக்குமா? அமீரகத்துடனான ஒப்பந்தத்தில் 2007-ல் சேர்த்த திருத்தத்தின்படி, அங்கே வசிப்பவர் என்று உரிமை கோர ஒரு காலண்டர் ஆண்டில் 183 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும். அக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை எப்படி எண்ணினாலும் அத்தனை நாள் வராது.

முன்கூட்டியே போனவரும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. அதே நிதியாண்டில் பொங்கலுக்கோ தங்கை கல்யாணத்துக்கோ ஊருக்கு வந்தால் அந்த நாட்களும் கூட்டலில் சேரும். செப்டம்பர் மத்தியில் போனவர் ஜனவரியில் மூன்று வாரம் விடுப்பில் வந்தால் 182 தாண்டிவிடும். வேலையில் சேரும் தேதியைத் தள்ளிப்போடவோ முன்னே இழுக்கவோ நிறுவனம் இடம்கொடுக்கும் நிலையில், இந்த ஒரு கூட்டலைப் போட்டுப் பார்த்துவிட்டுத் தேதி சொல்வது நல்லது.

கப்பல் வேலைக்குப் போகும் தூத்துக்குடி, கன்னியாகுமரி இளைஞர்களுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. வெளிநாடு செல்லும் கப்பலில் பணியேற்ற நாளிலிருந்து இறங்கிய நாள் வரை கடலோடிச் சான்றேட்டில் பதிவாகும் காலம் இந்தியாவில் இருந்ததாக எண்ணப்படாது. அவர்கள் வெளிநாட்டுக் கப்பலில் ஈட்டிய சம்பளம், வெளிநாட்டுச் சம்பாத்தியத்துக்கென்று இங்குள்ள வங்கியில் வைக்கும் என்.ஆர்.இ. கணக்கில் வந்து விழுந்தாலும், வசிக்காதவர் என்றால் அதை வருமானத்தில் சேர்க்க வேண்டாம் என்று வாரியம் 2017 ஏப்ரலில் சுற்றறிக்கை விட்டது. அதற்கு முன் ‘பணம் இந்தியாவில் பெறப்பட்டது’ என்று சொல்லி நோட்டீஸ் வாங்கிய கடலோடிகள் உண்டு.

நம் கையில் இல்லாத காரணத்தால் நாள் கூடினால்? 2020 மார்ச்சில் விமானங்கள் நின்றபோது விடுமுறைக்கு வந்திருந்த பல்லாயிரம் பேர் அப்படியே தங்கிவிட்டார்கள். 2019-20 நிதியாண்டுக்கு அந்த முடக்க நாட்களைக் கழித்துக்கொள்ள வாரியம் அனுமதித்தது. அடுத்த ஆண்டுக்கு அப்படிப் பொதுவான சலுகை தரவில்லை. உண்மையிலேயே இரட்டை வரி விழுந்தவர்கள் படிவம் நிரப்பித் தெரிவிக்கலாம் என்றதோடு நிறுத்திக்கொண்டது. மாதக்கணக்கில் விமானம் கிடைக்காமல் தவித்தவர்களிடம் அரசு அன்று இன்னும் தாராளமாக நடந்திருக்க வேண்டும் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

2020-ல் இன்னொரு கயிறும் சேர்ந்தது. ஆண்டுக்கு 15 லட்சம் ரூபாய்க்கு மேல் இந்திய வருமானம் உள்ளவர் ஊருக்கு வந்துபோகும்போது, 182-க்குப் பதில் 120 நாளே எல்லை. அதே வருமானமுள்ள இந்தியக் குடிமகன் வசிப்பு காரணமாக எந்த நாட்டிலும் வரிக்கு உட்படாதவர் என்றால், ஒரு நாள்கூட இங்கே வராவிட்டாலும் வசிப்பவராகவே கருதப்படுவார். வளைகுடா முழுக்க அன்று எழுந்த பீதிக்கு, ‘நேர்மையாக உழைக்கும் தொழிலாளர்கள் குறியல்ல’ என்று அரசு உடனே விளக்கமளித்தது. இந்த இரண்டு வகையினரும் முழு வசிப்பவர்கள் ஆவதில்லை. ‘வசிப்பவர், ஆனால் வழக்கமாக வசிப்பவர் அல்லர்’ என்ற இடைப்பட்ட தட்டில் வைக்கப்படுகிறார்கள். வெளிநாட்டுச் சம்பளத்துக்கு அந்தத் தட்டில் இங்கே வரி இல்லை. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்திலும் இந்த நாள் கணக்குகள் பெரும்பாலும் அப்படியே தொடர்கின்றன.

வங்கியில் இன்னொரு சட்டம்

வருமான வரிச் சட்டம் ஆண்டு முழுவதையும் எண்ணி முடித்துத்தான் பேசும். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமான ஃபெமா அவ்வளவு பொறுமை காட்டாது. வேலைக்கோ தொழிலுக்கோ எப்போது திரும்புவோம் என்று சொல்ல முடியாத நிலையில் நாட்டை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்தே நீங்கள் அதன் பார்வையில் வெளிநாட்டில் வசிப்பவர். ஆக, நவம்பரில் சவூதிக்குப் போனவர் மார்ச் வரை வரிச் சட்டத்துக்கு உள்ளூர்வாசி, ஃபெமாவுக்கு வெளியூர்வாசி. இரண்டும் ஒரே மனிதர், ஒரே ஆண்டு. இந்த முரணை ஏற்றுக்கொண்டால்தான் மற்றதெல்லாம் பிடிபடும்.

முதல் விளைவு வங்கிக் கணக்கில். இங்கே வைத்திருந்த சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். நம் வீடுகளில் நடப்பது என்ன? மகனின் ஏ.டி.எம். அட்டை அப்பாவின் சட்டைப் பையில், ஓ.டி.பி. வரும் சிம் அம்மாவின் போனில். பத்து வருடம் அப்படியே ஓடும். வீடு வாங்கும்போதோ, விற்ற பணத்தை வெளியே கொண்டுபோகும்போதோ வங்கி கேள்வி கேட்கும். அப்போதுதான் விழிப்பு.

வெளிநாட்டில் சம்பாதித்ததை அனுப்ப என்.ஆர்.இ. கணக்கு. அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை, பணத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துப் போகலாம். உள்ளூர் வாடகை, ஓய்வூதியம், பங்காதாயம் போன்றவற்றுக்கு என்.ஆர்.ஓ. அதன் வட்டியில் 30 சதவீதமும் கூடுதல் தீர்வையும் பிடித்துக்கொண்டுதான் வங்கி தரும். அங்கிருந்து வெளியே அனுப்பக்கூடியது ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை. பெரும்பாலான குடும்பங்களுக்கு அந்த வரம்பு ஒரு பொருட்டே அல்ல. கையில் கணக்குகள் கலந்து கிடப்பதுதான் பிரச்சினை.

நிலம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் ஊர்களில் அதிகம் தெரியாதது இதுதான். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் இங்கே வீடு வாங்கலாம், மனை வாங்கலாம். விவசாய நிலமோ, தோட்டமோ, பண்ணை வீடோ வாங்கக் கூடாது. போகும் முன் வாங்கியிருந்ததை வைத்துக்கொள்ளலாம். வாரிசாக வருவதையும் பெறலாம். ஆனால் உயிரோடிருக்கும் அப்பா, சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு நஞ்சை நிலத்தைத் தானமாக எழுதிவைத்தால் அது விதிக்குப் புறம்பு. உயில் வழியாகப் போனால் சரி, தானப் பத்திரமாகப் போனால் தவறு. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு முடிந்துவிட்டது என்பதால் ஃபெமா மீறல் இல்லாமல் போய்விடாது.

வீட்டை விற்கும்போது

வெளிநாட்டில் வசிப்பவர் இங்குள்ள வீட்டை விற்கிறார். விலை 80 லட்சம். உள்நாட்டில் வசிப்பவர் விற்றிருந்தால், 50 லட்சத்துக்கு மேல் என்பதால் வாங்குபவர் 1 சதவீதம், அதாவது 80,000 ரூபாய் பிடித்து வரித் துறைக்குக் கட்டினால் போதும். விற்பவர் வசிக்காதவர் என்றால் கதை மாறுகிறது. நீண்டகால மூலதன ஆதாயத்துக்கான 12.5 சதவீதம், அதன் மேல் கூடுதல் வரி, தீர்வை. விற்பவருக்கு உண்மையில் கிடைத்த லாபம் 15 லட்சமாக இருக்கலாம். ஆனால் அதிகாரியிடம் முன்கூட்டியே குறைந்த பிடித்தச் சான்று வாங்கி வைக்காவிட்டால், நடைமுறையில் முழு விலையின் மீதும் பிடித்தம் விழும். 80 லட்சத்துக்கு அது 11 லட்சத்தைத் தாண்டும். ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்தான். அதுவரை பணம் அரசிடம் கிடக்கும்.

வாங்குபவருக்கு இது தெரியாமல் 1 சதவீதம் மட்டும் பிடித்தால், மீதியைக் கட்ட வேண்டிய பொறுப்பு அவர் தலையில் விழும். பவர் வைத்திருக்கும் மைத்துனர் கையெழுத்துப் போடுகிறார், பத்திரத்தில் மதுரை முகவரி இருக்கிறது, வாங்குபவர் எல்லாம் உள்ளூர் விவகாரம் என்று நினைத்துக்கொள்கிறார். கிரயம் பேசும்போதே ‘விற்பவர் எங்கே வசிக்கிறார்?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். வில்லங்கச் சான்று பார்க்கும் அளவுக்கு இதுவும் முக்கியம். வாடகைக்கும் இதே தர்க்கம்தான். வெளிநாட்டு வீட்டுக்காரருக்கு வாடகை தருபவர் வரி பிடித்துக் கட்ட வேண்டும் என்பது சட்டம். எத்தனை குடித்தனக்காரர்களுக்கு இது தெரியும்?

2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு, மனைகளுக்குப் பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம் கட்டும் பழைய வழியையும் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வசிப்பவர்களுக்குத் தரப்பட்டது, வசிக்காதவர்களுக்கு இல்லை. அதேபோல, ‘12 லட்சம் வரை வரி இல்லை’ என்ற 2025 பட்ஜெட் அறிவிப்பும் அவர்களுக்குப் பொருந்தாது. அந்தச் சலுகை வசிப்பவர்களுக்கு மட்டுமே கிடைக்கும் தள்ளுபடியால் வருவது. ஆண்டுக்கு 10 லட்சம் வாடகையும் வட்டியும் பெறும் உள்ளூர்க்காரர் புதிய முறையில் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். அதே 10 லட்சத்துக்கு வெளிநாட்டில் இருப்பவர் 41,600 ரூபாய் கட்டுகிறார். எந்த நியாயத்தில் இந்த வேறுபாடு என்று கேட்டால் எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. ஓய்வுபெற்று மகளோடு வெளிநாட்டில் தங்கியிருக்கும் முதியவருக்கு உள்ளூர் வட்டிதான் முழு வருமானம். அவரையும் இது விடுவதில்லை.

போய்ச் சேரும் நாடு

இந்த ஊர் விட்டது என்று போனால், அந்த ஊர் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நாள் கணக்கு, ஒரு வரி ஆண்டு. சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் ஜனவரியில் ஆண்டு பிறக்கிறது, பிரிட்டனுக்கு ஏப்ரல் 6-ல், ஆஸ்திரேலியாவுக்கு ஜூலையில். இந்த ஒட்டாத விளிம்புகளில்தான் ஒருவர் ஒரே சமயத்தில் இரண்டு நாடுகளில் வசிப்பவராகிவிடுகிறார். அப்போது ஒப்பந்தங்கள் வரிசையாகக் கேள்வி கேட்கும். நிரந்தர வீடு எங்கே? குடும்பமும் பிழைப்பும் எந்தப் பக்கம்? வழக்கமாகத் தங்குவது எங்கே? கடைசியில்தான் குடியுரிமை.

சிங்கப்பூர் எளிமையானது. காலண்டர் ஆண்டில் 183 நாள் இருந்தால் வசிப்பவர்; உச்ச விகிதம் 24 சதவீதம்; தனிநபர் அங்கே கொண்டுவரும் வெளிநாட்டு வருமானத்துக்குப் பொதுவாக வரி இல்லை. வேலையை விட்டுக் கிளம்பும்போதுதான் பலர் திகைக்கிறார்கள். வெளிநாட்டு ஊழியர் விலகப்போவதை ஒரு மாதம் முன்பே முதலாளி வரி ஆணையத்துக்குத் தெரிவித்து, வரி தீரும்வரை கடைசிச் சம்பளத்தை நிறுத்திவைக்க வேண்டும். அந்தப் பணத்தை நம்பி டிக்கெட் போடக் கூடாது. மலேசியாவில் எல்லை 182 நாள். அதற்குக் குறைந்தால் வசிக்காதவருக்கான தட்டை விகிதம் 30 சதவீதம்.

மலேசியா என்றதும் ஈப்போ நினைவுக்கு வருகிறது. அங்கே ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த ஒரு செட்டியார் நிறுவனத்தின் வழக்கில், தோட்ட வருமானத்துக்கும் அங்கு விற்ற சொத்தின் ஆதாயத்துக்கும் இந்தியா வரி கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2004-ல் தீர்ப்பளித்தது. சொத்து எந்த மண்ணில் இருக்கிறதோ அந்த நாட்டோடுதான் வருமானத்துக்கு நெருக்கம் என்பது அதன் பார்வை. மத்திய அரசு 2008-ல் ஓர் அறிவிக்கை வெளியிட்டு அந்தக் கதவைச் சாத்தியது. ஒப்பந்தத்தில் மற்ற நாடு ‘வரி விதிக்கலாம்’ என்றிருந்தால், அந்த வருமானம் இந்தியக் கணக்கிலும் சேரும்; அங்கே கட்டியதை இங்கே கழித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். வெளிநாட்டு வீட்டு வாடகைக்கு ‘அங்கேயே கட்டிவிட்டேன்’ என்று சொல்லி இங்கே கணக்கில் காட்டாமல் விடும் வசிப்பவர்கள் இந்த அறிவிக்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் கவனிக்க வேண்டியது வேறு. அது குடிமக்களையும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களையும் உலகின் எங்கிருந்தாலும் தன் வரி வலைக்குள் வைத்திருக்கும் நாடு. எச்-1பி வேலை விசாவில் போனவரையும் நாள் கணக்கு விரைவில் வசிப்பவராக்கிவிடும். நடப்பாண்டின் நாட்கள் முழுதாக, முந்தைய ஆண்டின் நாட்களில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்தையதில் ஆறில் ஒரு பங்கு என்று கூட்டி 183 வந்துவிட்டால், நடப்பாண்டில் குறைந்தது 31 நாளாவது அங்கே இருந்திருந்தால் போதும். பிறகு உலக வருமானம் முழுக்க அங்கே கணக்கு.

இங்கேதான் நம்மவர்கள் மிக அதிகமாகத் தவறுகிறார்கள். என்.ஆர்.இ. வைப்பு வட்டிக்கு ‘வரி இல்லை’ என்று இந்திய வங்கியின் விளம்பரம் சொல்கிறது. உண்மை, இந்தியாவில் இல்லை. அமெரிக்காவில் அது வரிக்கு உட்பட்ட வருமானம். பி.பி.எஃப். வட்டிக்கும் இங்குள்ள விலக்கு அங்கே செல்லாது. இந்திய மியூச்சுவல் ஃபண்டுகளை அமெரிக்கச் சட்டம் தனி வகையில் வைத்துத் தண்டனை போன்ற விகிதத்தில் வரி போடுகிறது. கிளம்பும் முன்பே அவற்றை விற்றுவிடுவது பலருக்கு நல்லது. எல்லா வெளிநாட்டுக் கணக்குகளிலும் சேர்த்து ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் என்ற தனி அறிக்கை தர வேண்டும். அதில் வரி ஒரு சென்ட் கூட இல்லை. தராமல் விட்டால் அபராதம் மட்டும் உண்டு. ருமேனியாவில் பிறந்த ஓர் அமெரிக்கருக்கு 272 கணக்குகளுக்கும் தனித்தனியே எண்ணி 27 லட்சம் டாலருக்கு மேல் அபராதம் விதித்தார்கள். கணக்கு ஒவ்வொன்றுக்கும் இல்லை, ஆண்டறிக்கை ஒவ்வொன்றுக்கும்தான் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023-ல் சொன்ன பிறகு அது 50,000 டாலராக இறங்கியது. ஊரில் அம்மாவோடு கூட்டாக வைத்திருக்கும் கணக்கும் இதில் சேரும்.

கனடாவில் துணையும் பிள்ளைகளும் வீடும் எங்கே என்பதே முதல் கேள்வி. நாள் எண்ணிக்கை பிறகுதான். அந்த நாட்டை விட்டு நிரந்தரமாகக் கிளம்பும்போது பல சொத்துகளை விற்றதாகவே பாவித்து ஆதாய வரி கேட்கும். பிரிட்டன் 2013-ல் வசிப்புக்கென்று விரிவான ஒரு சோதனையைச் சட்டமாக்கியது. வெளிநாட்டு வருமானத்தை அங்கே கொண்டுவராதவரை வரியில்லை என்று, அங்கே வசித்தாலும் நிரந்தரத் தாயகம் வேறு நாடாக உள்ள ‘நான்-டாம்’களுக்கு இருந்த பழைய சலுகை 2025 ஏப்ரலில் முடிந்துபோனது. புதிதாகக் குடியேறுவோருக்கு, முந்தைய பத்தாண்டுகள் அங்கே வசிக்காதிருந்தால், முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு விலக்கு இருக்கிறது.

வளைகுடாவைப் பற்றி எல்லோரும் சொல்வது ‘அங்கே வரியே இல்லை’. அமீரகத்தில் 2023 மார்ச் முதல் தனிநபர் வசிப்புக்குத் தெளிவான விதி வந்துவிட்டது. பன்னிரண்டு மாதத்தில் 183 நாள்; அல்லது வசிப்பு அனுமதியோடு வேலையோ நிலையான வீடோ அங்கே இருந்தால் 90 நாள். வரி இல்லாத நாட்டில் இந்த விதி எதற்கு என்று கேட்கலாம். வசிப்புச் சான்று வாங்கத்தான். அதில்லாமல் இந்தியாவில் ஒப்பந்தச் சலுகை எதையும் கேட்க முடியாது. எமிரேட்ஸ் ஐடியோ, சவூதியின் வசிப்பு அட்டையான இக்காமாவோ அந்தச் சான்றுக்கு ஈடாகாது. ஓமன் 2025-ல் ஒரு சட்டம் போட்டிருக்கிறது. 2028 முதல் ஆண்டுக்கு 42,000 ரியாலுக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 5 சதவீத வரி. வளைகுடா நாடுகளில் இதுவே முதல் தனிநபர் வருமான வரி. நம் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த வரம்புக்குக் கீழேதான். ஆனாலும் ‘வரியே இல்லை’ என்ற பேச்சுக்கு ஒரு காலக்கெடு விழுந்துவிட்டது.

திரும்பி வரும் ஆண்டு

போவதைவிடத் திரும்புவதில் திட்டமிட அதிகம் இருக்கிறது. நீண்ட காலம் வெளிநாட்டில் இருந்து வருபவருக்குச் சட்டம் ஒரு மூச்சு விடும் இடம் தருகிறது. முந்தைய பத்தாண்டுகளில் ஒன்பதில் வசிக்காதவராக இருந்தாலோ, முந்தைய ஏழாண்டுகளில் இங்கே இருந்தது மொத்தம் 729 நாளுக்குள் என்றாலோ, அவர் ‘வழக்கமாக வசிப்பவர் அல்லர்’. வெளிநாட்டு வாடகை, வட்டி, பங்கு ஆதாயம் எதற்கும் அந்தக் காலத்தில் இங்கே வரி இல்லை. நேரடியாக இந்தியாவில் பெறாமல் இருந்தால் சரி. நெடுங்காலம் வெளியே இருந்த பலருக்கு இந்த இடைவெளி இரண்டு ஆண்டு கிடைக்கும், வந்து சேரும் மாதத்தைப் பொறுத்துச் சிலருக்கு மூன்று. அங்குள்ள வீட்டையோ பங்குகளையோ விற்க நினைப்பவர் இந்த இடைவெளிக்குள் விற்க வேண்டும்.

என்.ஆர்.இ. கணக்கு மட்டும் காத்திருக்காது. நிரந்தரமாகத் திரும்பியதுமே ஃபெமாவுக்கு நீங்கள் உள்ளூர்வாசி. அதன் வட்டி விலக்கு அன்றோடு நின்றுவிடும், கணக்கை மாற்றிக்கொள்ள வேண்டும். வெளிநாட்டு நாணயத்திலேயே வைக்கும் எஃப்.சி.என்.ஆர். வைப்புகளின் வட்டிக்கு அந்த இடைத்தட்டுக் காலம் முழுக்க விலக்கு தொடரும். வெளிநாட்டில் இருந்தபோது சம்பாதித்து அங்கே வைத்த சொத்தை அப்படியே வைத்துக்கொள்ளவும் ஃபெமா இடம் தருகிறது.

இடைவெளி முடிந்த ஆண்டிலிருந்து வெளிநாட்டில் வங்கிக் கணக்கு, பங்கு, காப்பீடு எது இருந்தாலும் ரிட்டர்னில் அதற்கான அட்டவணையை நிரப்ப வேண்டும். சிங்கப்பூரில் மூடாமல் விட்டு வந்த பழைய சம்பளக் கணக்கும், அமெரிக்க நிறுவனம் கொடுத்த பங்குகளும் சேர்த்தி. விட்டுவிட்டால் 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டத்தில் அபராதம் 10 லட்சம் ரூபாய். அசையாச் சொத்து தவிர்த்த மற்றவை மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் 2024 அக்டோபர் முதல் இந்த அபராதம் இல்லை. காட்ட வேண்டிய கடமை இருக்கிறது. யாருக்குத் தெரியப்போகிறது என்ற காலமும் முடிந்தது. நூறுக்கும் மேற்பட்ட நாடுகள் வங்கிக் கணக்கு விவரங்களைத் தாமாகவே பரிமாறிக்கொள்கின்றன. இந்தியா 2017-லேயே இதில் இணைந்தது. சுவிட்சர்லாந்தே 2019 செப்டம்பரில் முதல் பட்டியலை அனுப்பிவிட்டது.

அரசு செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வேலைக்குக் கிளம்புவோருக்கு வெளியுறவு அமைச்சகம் நடத்தும் புறப்பாட்டுக்கு முந்தைய பயிற்சி வகுப்புகள் இருக்கின்றன. சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது. தமிழ்நாடு அரசுக்கு அயலகத் தமிழருக்கென்றே ஒரு துறையும், ஜனவரி 12-ல் ஒரு நாளும் இருக்கின்றன. நாள் கணக்கு, வங்கிக் கணக்கை மாற்றுவது, நிலமும் வீடும், திரும்பும்போது செய்ய வேண்டியது ஆகிய நான்கையும் ஒரு மணி நேரத்தில் தமிழில் சொல்லிக்கொடுத்துவிடலாம். இதற்குப் புதிய சட்டமோ பெரிய செலவோ வேண்டாம். வருமான வரிச் சட்டமே புதிதாக மாறும் இந்தச் சமயத்தில், அதை விளக்கும் ஒரு தமிழ்க் கையேட்டை விமான டிக்கெட்டோடு சேர்த்து ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க, ஏஜென்ட் உரிம விதிகளில் ஒரு வரி சேர்த்தால் போதும்.